காஃப்காவின் கையெழுத்து விற்பனைக்கு

ஃபிரான்ஸ் காஃப்கா 1924ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி காலமானார். ஆனால், இன்று மாலையே அவருடைய கையெழுத்தில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டையை நீங்கள் தயாரித்துவிடலாம். ‘எஃப்எஃப் மிஸ்டர் கே’ என்ற எழுத்துருவைக் காசு கொடுத்து வாங்கிக் கணினியில் நிறுவினால் போதும். அதன்பின் ஆங்கிலத்தில் நீங்கள் தட்டுவதெல்லாம் காஃப்கா பேனா பிடித்து எழுதியதுபோலத் திரையில் வரும். குழுப்பணிக் கூட்டத்துக்குத் தாமதமாக வரக்கூடாது என்ற அறிவிப்பானாலும் சரி, மதிய உணவுக்குக் கோழிச்சோறு வாங்கி வரச் சொல்லும் குறிப்பானாலும் சரி.

கடந்த பருவத்தில் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்பு பற்றிய ஒரு பாடம் எடுத்தேன். புழக்கத்தில் இருக்கும் ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, அது எப்படி உருவானது என்று ஆராய்ந்து வகுப்பில் படைக்க வேண்டும். நண்பர்கள் பலர் ‘ஹெல்வெட்டிகா’, ‘டைம்ஸ் நியூ ரோமன்’ என்று பழகிய பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கதை படிக்கப் பிடிக்கும் என்பதால் மிஸ்டர் கே பக்கம் போனேன். படைப்பு முடிந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஆனால், ஒரு கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை. ஒருவருடைய கையெழுத்தை அவரிடம் கேட்காமல் விசைப்பலகையில் ஏற்றலாமா?

காஃப்காவைப் படிக்காதவர்களுக்குச் சிறு அறிமுகம். 1883இல் பிராக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மன் மொழியில் எழுதியவர். சட்டம் படித்துவிட்டு, 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். பகலில் அலுவலகக் கோப்புகள், இரவில் கதைகள். ஒரு நாள் காலையில் கண்விழிக்கும்போது பூச்சியாக மாறிக் கிடக்கும் விற்பனையாளரின் கதைதான் அவருடைய ‘உருமாற்றம்’. என்ன குற்றம் என்றே தெரியாமல் கைது செய்யப்படும் ஒருவரைப் பற்றிய நாவல், ‘விசாரணை’ என்ற பெயரில் ஜெர்மனிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்திருக்கிறது. நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

எரிக்கச் சொன்ன தாள்கள்

காஃப்கா இறந்த பிறகு, அவருடைய மேசையில் நண்பர் மேக்ஸ் ப்ராடுக்கு எழுதப்பட்ட இரண்டு குறிப்புகள் கிடைத்தன. நாட்குறிப்புகள், கைப்பிரதிகள், கடிதங்கள், ஓவியங்கள் எல்லாவற்றையும் படிக்காமலேயே எரித்துவிட வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஏற்கெனவே அச்சான சில கதைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தார். ப்ராட் எரிக்கவில்லை. 1925இல் ‘விசாரணை’, 1926இல் ‘கோட்டை’, 1927இல் ‘அமெரிக்கா’ என்று மூன்று முற்றுப்பெறாத நாவல்களை அடுத்தடுத்து வெளியிட்டார். 1939 மார்ச்சில் நாஜிப் படைகள் பிராக் நகருக்குள் நுழைந்த வேளையில், அந்தத் தாள்களை ஒரு பெட்டியில் திணித்துக்கொண்டு ரயிலேறித் தப்பினார்.

அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் பெரும்பகுதி 1961இல் ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ‘விசாரணை’யின் கைப்பிரதி 1988இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. ஏறத்தாழ 20 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போன அது, இப்போது ஜெர்மனியின் மார்பாக் நகரில் உள்ள இலக்கிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எரிந்திருக்க வேண்டிய காகிதத்துக்குக் கிடைத்த விலை அது.

ப்ராட் செய்தது சரியா, தவறா என்று இலக்கிய வகுப்புகளில் இன்றும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், சரி என்பேன். அவர் சொன்ன சொல்லைக் கேட்டிருந்தால் ‘விசாரணை’யை யாரும் படித்திருக்க முடியாது. ஆனால், அதே நியாயத்தை எழுத்துருவுக்கு அப்படியே நீட்ட முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ப்ராட் காப்பாற்றியது காஃப்காவின் சொற்களை. அச்சில் வந்தபோது கையெழுத்து மறைந்துபோனது, சொற்கள் நின்றன. எழுத்துரு அதைத் தலைகீழாகச் செய்கிறது. சொற்களையெல்லாம் கழித்துவிட்டு, அவற்றின் வளைவுகளையும் கோடுகளையும் மட்டும் எடுத்துக்கொள்கிறது.

தம் எழுத்து எப்படித் தோன்றவேண்டும் என்பதில் காஃப்கா அலட்சியமாக இருந்தவரும் அல்லர். 1912இல் அவருடைய முதல் நூலை ரோவோல்ட் பதிப்பகம் அச்சிட்டபோது, முடிந்தவரை மிகப் பெரிய எழுத்தில் அச்சிடும்படி கேட்டுக்கொண்டார். அந்தச் சின்னஞ்சிறு கதைகள் பெரிய எழுத்தும் அகலமான ஓரங்களுமாக 99 பக்கம் வந்தன. அச்சிட்டதோ 800 பிரதிகள்தாம். 1915இல் ‘உருமாற்றம்’ நூலாக வரும் முன்னர், அட்டையில் அந்தப் பூச்சியை மட்டும் வரைந்துவிடாதீர்கள், தூரத்திலிருந்துகூடக் காட்டக்கூடாது என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். இப்படிப்பட்ட ஒருவர் தம் கையெழுத்து ஒரு பொருளாக விற்பதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்?

ஒன்று மட்டும் தெரியும். தம் பெயரின் முதல் எழுத்தான ‘கே’ அவருக்குப் பிடிக்காது. அந்த எழுத்து அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் அதைத் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்ற பொருளில் 1914 மே மாத நாட்குறிப்பு ஒன்றில் எழுதியிருக்கிறார். அந்த எழுத்தின் பெயரையே எழுத்துருவுக்குச் சூட்டியிருக்கிறார்கள்!

இரண்டு ‘டி’க்கு ஒரே கோடு

மிஸ்டர் கே எழுத்துருவை உருவாக்கியவர், பெர்லினில் பணிபுரியும் வடிவமைப்பாளர் யூலியா சிஸ்மாலைனன். காஃப்காவின் கைப்பிரதிகளை அடிப்படையாக வைத்து அவர் வரைந்த எழுத்துரு 2008இல் ஃபான்ட்ஃபான்ட் தொகுப்பில் வெளியானது.

கையெழுத்தை எழுத்துருவாக்குவது என்றால், பக்கத்தை ஸ்கேன் செய்து, ஓர் ‘ஏ’, ஒரு ‘பி’ என்று 26 எழுத்துகளை வெட்டியெடுத்து ஒட்டிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். திறன்பேசிச் செயலிகள் சில அப்படித்தான் செய்கின்றன. ஒரு படிவத்தில் நீங்கள் எழுத்துகளை நிரப்பிப் படமெடுத்து அனுப்பினால், ஐந்து நிமிடத்தில் உங்கள் ‘சொந்த’ எழுத்துரு தயார். அதில் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். ஏதோ ஒன்று இடிக்கும்.

இடிப்பது எது என்று கண்டுபிடிப்பதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ‘லெட்டர்’ என்ற சொல்லைப் பேனாவால் எழுதுங்கள். நடுவில் இரண்டு ‘டி’ வரும். நம்மில் பலர் இரண்டு தண்டுகளையும் முதலில் இழுத்துவிட்டு, அப்புறம் ஒரே குறுக்குக்கோட்டால் இரண்டையும் வெட்டுவோம். அதாவது, கை எழுதுவது இரண்டு ‘டி’ அல்ல, ‘இரட்டை டி’ என்ற ஒரு தனி வடிவம். அதே சொல்லில் ‘இ’யும் இரண்டு முறை வரும். அவை இரண்டும் ஒருபோதும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. முதல் ‘இ’க்கு முன்னால் ‘எல்’ இருக்கிறது, அதிலிருந்து வரும் வேகம் வேறு. இரண்டாவது ‘இ’ வரும்போது கை சொல்லின் முடிவை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்.

நம் கண் இதைப் படித்துப் பழகியிருக்கிறது. அதனால்தான் ஒரே ‘இ’ ஒரு வரியில் ஏழு முறை வந்தால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் போலி என்று கண்டுகொள்கிறோம்.

இதற்குத் தீர்வு, ஓர் எழுத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களை வரைந்து வைப்பது. எந்த வடிவம் எங்கே வரவேண்டும் என்று எழுத்துருவுக்குள்ளேயே விதி எழுதலாம். சற்றுமுன் இந்த ‘இ’ வந்திருந்தால் அடுத்ததற்கு இரண்டாவது வடிவத்தை எடு, சொல்லின் கடைசியில் வந்தால் வாலை நீட்டு, இரண்டு ‘டி’ சேர்ந்து வந்தால் கூட்டெழுத்தைப் போடு. மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996இல் அறிவித்த ‘ஓப்பன்டைப்’ முறைதான் இந்த விதிகளுக்கு இடம் கொடுத்தது. மிஸ்டர் கே அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மாற்று வடிவங்களும் கூட்டெழுத்துகளும் அதில் ஏராளம்.

வளைவுகளை வரைவது தனிக்கதை. கணினி எழுத்துருவில் மைத்தடம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கோட்டின் விளிம்பிலும் சில புள்ளிகள், அவற்றை இழுத்து வளைக்கும் கைப்பிடிகள், அவ்வளவுதான். ‘பெசியர் வளைகோடு’ என்று அதற்குப் பெயர். ரெனோ கார் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் பியர் பெசியரின் பெயர் அது. கார்களின் உடற்பகுதியை வடிவமைக்க அவர் பயன்படுத்திய கணக்குதான், இன்று காஃப்காவின் ‘கே’யை வளைக்கிறது. புள்ளிகளை அதிகம் வைத்தால் கோடு நடுங்கும். குறைவாக வைத்தால் வழவழவென்று பிளாஸ்டிக் போல் ஆகிவிடும். பேனா காகிதத்தில் உரசிய உணர்வு இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

பிராங்ஃபர்ட்டைச் சேர்ந்த ஹரால்ட் கைஸ்லர் வேறொரு வழியில் போனார். அவர் 2013இல் சிக்மண்ட் ஃபிராய்டின் கையெழுத்தையும், 2015இல் நடனக் கலைஞர் எலிசபெத் வாட்டர்ஹவுசுடன் சேர்ந்து ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் கையெழுத்தையும் எழுத்துருவாக்கும் முயற்சிகளுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். ஐன்ஸ்டைன் எழுதிய எழுத்தின் விளிம்பை வரைவதோடு அவர் நிற்கவில்லை. எண்ணிமப் பலகையில் பேனாவை வைத்து, ஐன்ஸ்டைனின் கை எங்கே தொடங்கி எந்தத் திசையில் ஓடி எங்கே நின்றது என்று அந்த அசைவைத் திரும்பத் திரும்பப் பழகினார். கூட்டாளி நடனக் கலைஞர் என்பது எனக்கு முதலில் வேடிக்கையாகத் தோன்றியது. யோசித்தால், எழுதுவதும் உடலசைவுதானே. காகிதத்தில் நிற்பது கை ஆடிவிட்டுப் போன சுவடு.

தமிழில் செய்து பார்த்தபோது

பாடத்தின் இரண்டாம் பகுதியில் நாங்களே ஒரு சிறு எழுத்துரு செய்ய வேண்டும். நான் என் தமிழ்க் கையெழுத்தை எடுத்துக்கொண்டேன். ‘ஃபான்ட்ஃபோர்ஜ்’ என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். விரும்பினால் நீங்களும் பள்ளி விடுமுறையில் முயலலாம். ஆனால், தொடங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் சேர்த்து 52. ஒவ்வொன்றுக்கும் மூன்று மாற்று வடிவம் என்றால் 156. தமிழில் 247 எழுத்துகள். மூன்று மாற்று என்றால் 741. கிரந்த எழுத்துகளை நான் இன்னும் சேர்க்கவில்லை. அச்சு எழுத்துருவில் இந்தச் சுமை குறையும். கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றைத் தனியாக வரைந்து எல்லா எழுத்துக்கும் பொருத்திவிடலாம். ‘கு’, ‘கூ’ வரிசைகளின் 36 எழுத்துகளுக்கும், ‘டி’, ‘டீ’ போன்றவற்றுக்கும் மட்டும் தனி வடிவம் வேண்டும். கையெழுத்தில் அந்தக் குறுக்குவழி எடுபடவில்லை. என் ‘லி’யில் மேல்சுழி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு எழும். ‘பி’யில் கையைத் தூக்கிவிட்டுத் தனியாகப் போடுகிறேன். இருபது ஆண்டுகளாக என் கை இப்படிச் செய்துவந்தது எனக்கே தெரியாது.

ஒரு பக்கம் அச்சிட்டுத் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உன் கையெழுத்துதான் ம்மா. ஆனா நீ எழுதல, இல்ல?”

“எப்படித் தாத்தா கண்டுபிடிச்சீங்க?”

“எல்லா ‘ம்’மும் ஒரே மாதிரி இருக்கே. நீ அவசரத்துல புள்ளிய எங்கேயாவதுதானே வைப்ப.”

விரிவுரையாளர் சொன்ன எந்தக் குறிப்பையும்விட எனக்கு அதிகம் உதவியது அந்தப் புள்ளிதான். ‘ம்’முக்கு மட்டும் ஐந்து வடிவம் செய்தேன்.

நம் ஊர்ப் பக்கத்தில் இந்தத் துறைக்கு முன்னோடி இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு அஞ்சல்’ மென்பொருளைத் தொடங்கியவர். ஆப்பிள் மேக் கணினிகளில் வரும் ‘இணைமதி’ எழுத்துரு அவர் வடிவமைத்தது. நாம் அன்றாடம் திரையில் தமிழைப் படிப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

தமிழ் எழுத்தாளர் ஒருவரின் கையெழுத்தை யாராவது எழுத்துருவாக்க முனைந்தால், முதல் நாளே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் எழுதியவர்கள், ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளைத் துதிக்கை போன்ற வளைவுடன் எழுதினார்கள். ‘ணா’, ‘றா’, ‘னா’ மூன்றுக்கும் தனிக்காலே கிடையாது. அந்த வடிவங்களை அப்படியே வைத்தால், நம் வயதுப் பிள்ளைகளில் பலர் தடுமாறுவோம். புதிய வடிவத்தில் போட்டால், அந்த எழுத்தாளர் எழுதியிராத எழுத்தை அவர் கையில் திணித்ததாகிவிடும்.

காஃப்காவிலும் இதே சிக்கல் உண்டு. இளமையில் அவர் எழுதியது ‘குரண்ட்’ என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில். இன்றைய ஜெர்மானியர்களில் பெரும்பாலோரால் அதைச் சரளமாகப் படிக்க முடியாது. பிறகு லத்தீன் முறைக்கு மாறினார். ஒரே கதையின் முதல் வடிவம் குரண்டிலும் இரண்டாவது வடிவம் லத்தீனிலும் இருக்கிறது. மிஸ்டர் கே பின்னாள் காஃப்காவைத்தான் எடுத்துக்கொண்டது. ‘காஃப்காவின் கையெழுத்து’ என்று நாம் சொல்வதே இரண்டில் ஒன்று.

எழுதாததை எழுதும் இயந்திரம்

எழுத்துரு என்றால் முழுமையாக இருக்க வேண்டும். விசைப்பலகையில் உள்ள எதைத் தட்டினாலும் ஏதாவது வரவேண்டும். யூரோ நாணயக் குறியை எடுத்துக்கொள்வோம். அந்தக் குறி அறிமுகமானது 1996இல். காஃப்கா இறந்து 72 ஆண்டுகள் கழித்து. காஃப்கா யூரோ குறி போட்டிருந்தால் எப்படிப் போட்டிருப்பார் என்று வடிவமைப்பாளர் கற்பனை செய்ய வேண்டும். அவருடைய ‘சி’யைப் பார்த்து, அவர் குறுக்குக்கோடு இழுக்கும் பாணியைப் பார்த்து, இரண்டையும் சேர்க்க வேண்டும். அழகான வேலை. கொஞ்சம் அச்சமூட்டும் வேலையும்கூட.

ஏனென்றால், குறியில் தொடங்கும் இந்தக் கற்பனை குறியோடு நிற்பதில்லை. நான் தட்டும் ஒவ்வொரு வாக்கியமும் அவர் எழுதாத வாக்கியம். தமிழில் நமக்கு ஒரு வசதி, அல்லது தொல்லை: கையால் எழுதுவதும் ‘கையெழுத்து’, ஒப்புதல் கொடுப்பதும் ‘கையெழுத்து’. வங்கிப் படிவத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டால், அதில் எழுதியிருப்பதற்கு நான் பொறுப்பு என்று பொருள். எழுத்துருவில் முதல் கையெழுத்து மட்டும் வருகிறது. இரண்டாவதை யாரும் போடவில்லை.

காஃப்கா 1914இல் எழுதி 1919இல் வெளியான ‘தண்டனைக் குடியிருப்பில்’ என்ற கதையில் ஓர் இயந்திரம் வருகிறது. தண்டனை பெற்றவனின் உடலில், அவன் மீறிய கட்டளையை ஊசிகளால் எழுதும் இயந்திரம். அது எழுதுவது யாருடைய கையெழுத்தில் தெரியுமா? இறந்துபோன முன்னாள் தளபதியின் கையெழுத்தில். அவர் வரைந்துவைத்த தாள்களை இயந்திரத்துக்குள் வைப்பார்கள், அது அதன்படி இயங்கும். பொறுப்பில் இருக்கும் அதிகாரி அந்தத் தாள்களைப் பயணி ஒருவரிடம் பெருமையாகக் காட்டுகிறார். பயணிக்குத் தெரிவதோ பின்னிக்கிடக்கும் கோடுகள் மட்டும்தான். அவரால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை.

எழுத்துருவை இந்தக் கொலை இயந்திரத்தோடு ஒப்பிடுவது மிகைதான். ஆனாலும், இறந்தவரின் எழுத்தை உள்ளே வைத்துக்கொண்டு புதிதாக எழுதும் கருவி என்ற எண்ணத்தை, காஃப்காவே நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்திருக்கிறார் என்பதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சட்டம் இந்த விஷயத்தில் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அந்த வடிவத்தை உருவாக்கும் மென்பொருளுக்கு உண்டு. ஆனால், பிரபலங்களின் பெயர் சேர்ந்தால் கதை மாறிவிடும். ஜான் லெனன், கர்ட் கோபேன், டேவிட் போவி, லெனர்ட் கோஹன் ஆகிய பாடலாசிரியர்களின் கையெழுத்துகளை வைத்து இரண்டு வடிவமைப்பாளர்கள் செய்த எழுத்துருக்கள் 2018இல் இலவசமாக வெளிவந்தன. சட்டக் காரணங்களால் பின்னர் அவை மீட்டுக்கொள்ளப்பட்டன. லெனன், கோபேன் பெயர்களுக்குப் பின்னால் கேள்வி கேட்க ஆள் இருந்தது. காஃப்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய மூன்று தங்கைகளும் நாஜிகளின் கையில் மாண்டார்கள். அவர் சார்பில் ‘வேண்டாம்’ என்று சொல்ல எஞ்சியிருப்பது அந்த இரண்டு குறிப்புகள்தாம்.

அப்படியென்றால் இந்த எழுத்துருவே கூடாது என்கிறேனா? வகுப்பில் ஒரு நண்பர் இப்படித்தான் மடக்கினார். கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிஸ்டர் கேயை நெருங்கிப் பார்த்தால், அது போலிக் கையெழுத்துச் செய்ய முயலவில்லை என்பது தெரியும். காஃப்காவின் பக்கங்களைப் பல மாதம் உற்றுப் பார்த்த ஒருவர் அவற்றிலிருந்து எழுப்பிய புது எழுத்துரு அது. பெயரில்கூட ‘காஃப்கா’ இல்லை, ‘கே’ என்ற ஒற்றை எழுத்துதான் இருக்கிறது. மொழிபெயர்ப்பு நூலில் மூல ஆசிரியரோடு மொழிபெயர்ப்பாளரின் பெயரும் இருப்பதுபோல, இதில் சிஸ்மாலைனனின் பெயர் முன்னால் நிற்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. இதே எழுத்துருவில் ஒரு தத்துவ வரியைத் தட்டி, கீழே ‘காஃப்கா’ என்று போட்டுச் சமூக ஊடகத்தில் பகிர்பவரைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் சொல்லாததை அவர் பெயரில் பரப்புவது ஏற்கெனவே தாராளமாக நடக்கிறது. அதற்கு அவர் கையெழுத்தையும் துணைக்கு அழைக்க வேண்டாமே.

இன்னொரு குறையும் உண்டு. மிஸ்டர் கே குடும்பத்தில் ‘கிராஸ்அவுட்’ என்றோர் உறுப்பினர் இருக்கிறது. அதில் தட்டினால் எழுத்துகள் அடிக்கப்பட்டே வரும். காஃப்காவின் கைப்பிரதிகளில் அடித்தல்கள் ஏராளம் என்பதால் இது பொருத்தமான யோசனைதான். ஆனால், ‘கோட்டை’ நாவலின் கைப்பிரதியில் உள்ள அடித்தல்களின் கதையைக் கேளுங்கள். அந்த நாவலை அவர் முதலில் ‘நான்’ என்றுதான் எழுதத் தொடங்கினார். சில அத்தியாயங்கள் போன பிறகு மனம் மாறி, பக்கம் பக்கமாகத் திரும்பிப்போய் ‘நான்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன் இடத்தில் ‘கே’ என்று எழுதினார். நாவலின் நாயகன் பிறந்தது அந்தக் கோடுகளில்தான். தமக்குப் பிடிக்காத அதே எழுத்தை அத்தனை முறை எழுதியிருக்கிறார். எழுத்துருவில் அடித்தலும் ஒரு பாணி. கைப்பிரதியில் அது ஒரு முடிவு.

அந்த முடிவுகளைப் பார்க்க ஆக்ஸ்ஃபர்டுக்குப் போக வேண்டியதில்லை. கைப்பிரதிகளின் நகல் பதிப்புகள் வந்திருக்கின்றன. ப்ராடின் பெட்டியில் எஞ்சியிருந்தவற்றுக்காக இஸ்ரேலில் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அவை இஸ்ரேலின் தேசிய நூலகத்துக்கு வந்துசேர்ந்தன. கடிதங்கள், ஓவியங்கள் எனப் பலவற்றை அந்த நூலகம் 2021இல் இணையத்தில் வெளியிட்டது. அந்த நூலகத்திடம் உள்ள தாள்களில் ஒரு நீலக் குறிப்பேடும் உண்டு. தம் கடைசி ஆண்டுகளில் காஃப்கா ஹீப்ரு மொழி கற்றார். அதன் சொற்களையும் அவற்றுக்கான ஜெர்மன் பொருளையும் அந்தக் குறிப்பேட்டில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார், நாம் உயர்நிலைப் பள்ளியில் புதிய சொற்களை எழுதிப் பழகியதுபோல. ஹீப்ரு வலமிருந்து இடமாகப் போகும், ஜெர்மன் இடமிருந்து வலமாக. ஒரே கை இரண்டு திசைகளிலும் எழுதியிருக்கிறது. மிஸ்டர் கேயைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால், அந்தக் கடிதங்களையாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள். இலவசம்தான்.